யானையும் இல்லை... கோட்டையும் இல்லை! லண்டன் பேட்டை ஒன்றின் பெயர்க் கதை

லண்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலேயே நாக்கு செத்துப்போகும். சாண்ட்விச்சையும் பாஸ்தாவையும் மாற்றி மாற்றித் தின்று அலுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், யாராவது ஒரு சீனியர் 'டூட்டிங் போ' என்று சொல்வார். தோசை, கொத்து ரொட்டி, கறிவேப்பிலைக் கட்டு, கோயில் என எல்லாம் கிடைக்கிற ஏரியா அது. பாதாள ரயிலின் நார்தர்ன் லைனைப் பிடித்தால் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும்.

அந்தப் பயணத்தில்தான் காதில் விழும் அந்தப் பெயர். லண்டன் பிரிட்ஜ் தாண்டும். பரோ தாண்டும். அடுத்த ஸ்டேஷன் பெயரை ஒலிபெருக்கிப் பெண் குரல் நிதானமாகச் சொல்லும். 'எலிஃபன்ட் அண்ட் காஸில்.'

யானையும் கோட்டையும்!

முதல் முறை கேட்பவர்கள் தலையைத் தூக்கி ரயில் மேப்பைப் பார்ப்பார்கள். தப்பாகக் கேட்கவில்லை, அப்படித்தான் போட்டிருக்கிறது. பக்கத்து சீட்டில் இருக்கும் லண்டன்வாசியின் முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது. அவருக்கு அது தினமும் ஏறி இறங்குகிற ஸ்டாப். 'தி எலிஃபன்ட்' என்று பாதிப் பெயரோடு நிறுத்திக்கொள்கிற அளவுக்குப் பழகிப்போன பெயர்.

ஆவல் தாங்காமல் இறங்கி மேலே வந்து பார்த்தால், கோட்டையும் இருக்காது, கோட்டை இருந்ததற்கான சுவடும் இருக்காது. சிவப்பு பஸ்கள், பரபரப்பான சாலைச் சந்திப்பு, வானத்தை முட்டும் புதிய அடுக்குமாடிகள், கட்டுமான கிரேன்கள். கொஞ்சம் தேடினால் ஒரு சிலை மட்டும் கண்ணில் படும். ஒரு யானை. அதன் முதுகில் ஒரு கோபுரம்.

அந்தச் சிலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், கதை ஒரு கொல்லன் பட்டறை வழியாக, ஒரு சாராயக்கடை வழியாக, கடைசியில் ஜீலம் நதிக்கரை வரை போகிறது.

இளவரசி கதை

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால், நூற்றில் பாதிப் பேர் சொல்வது ஓர் இளவரசியின் கதையைத்தான்.

ஸ்பெயினில் காஸ்டீல் என்று ஓர் அரசு இருந்தது. அந்த நாட்டு இளவரசி எலினோர், 1254-ம் ஆண்டு இங்கிலாந்து இளவரசர் எட்வர்டைத் திருமணம் செய்துகொண்டு இங்கே வந்தார். ஸ்பானிய மொழியில் இளவரசியை 'இன்ஃபான்டா' என்பார்கள். காஸ்டீல் இளவரசி என்றால் 'இன்ஃபான்டா டி காஸ்டீயா'. அந்தப் பெயரை உச்சரிக்கத் தெரியாத தென்லண்டன் சனங்களின் வாயில் அது தேய்ந்து தேய்ந்து 'எலிஃபன்ட் அண்ட் காஸில்' ஆகிவிட்டது!

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது? ராஜகுமாரி வருகிறாள், சாமானியர்கள் அவள் பெயரைக் குதறுகிறார்கள், அது ஓர் ஊரின் பெயராக நிலைத்துவிடுகிறது. ஒரு சினிமாவுக்கான அத்தனை அம்சமும் இருக்கிறது. இதே கதைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. அதில் நாயகி, ஸ்பெயின் மன்னரின் மகள் மரியா. 1623-ம் ஆண்டு, பின்னாளில் முதலாம் சார்லஸ் ஆகப்போகும் இளவரசர், இவரைப் பெண் பார்க்க மாறுவேடத்தில் மாட்ரிட் வரை போனார். சம்பந்தம் கூடிவரவில்லை. வெறுங்கையோடு திரும்பினார். அந்த இன்ஃபான்டாவின் நினைவாக வந்த பெயர் என்பார்கள் சிலர்.

பிரச்னை என்னவென்றால், இரண்டு கதையும் உண்மை இல்லை.

எலினோர் இறந்தது 1290-ல். 'எலிஃபன்ட் அண்ட் காஸில்' என்ற பெயர் இந்த இடத்தோடு சேர்ந்து ஆவணத்தில் தென்படுவது 1765-ல். நடுவில் சுமார் 475 வருடம் காணாமல் போகிறது. தவிர, 'இன்ஃபான்டா' என்ற சொல் ஆங்கிலத்துக்குள் வந்ததே 1600-ஐ ஒட்டித்தான். எலினோர் உயிரோடு இருந்த காலத்தில், அவரை அந்தப் பெயரால் எந்த லண்டன்காரரும் அழைத்திருக்க வழியில்லை. மரியாவோ இங்கிலாந்து மண்ணில் கால் வைக்கவே இல்லை. தவிர, இதே பெயரில் இங்கிலாந்தின் வேறு ஊர்களிலும் விடுதிகள் உண்டு. ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஸ்பெயின் இளவரசியா இறங்கியிருப்பார்?

பாவம், எலினோர் பெயரில் இப்படி ஒரு கதை மட்டுமல்ல. லண்டனில் சேரிங் கிராஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. எலினோர் இறந்த பிறகு, அவரது உடலை லண்டனுக்குக் கொண்டுவந்த வழியில், ஊர்வலம் இரவு தங்கிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு நினைவுச் சிலுவையை எழுப்பினார் எட்வர்ட். மொத்தம் 12 சிலுவைகள். அவற்றில் ஒன்று சேரிங்கில் எழுந்தது. அதுவரை உண்மை. ஆனால், 'அன்பு ராணி' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொற்கள்தான் மருவி 'சேரிங்' ஆனது என்று மக்கள் ஒரு கதை கட்டினார்கள். அதுவும் தவறு. பழைய ஆங்கிலத்தில் 'திருப்பம்', 'வளைவு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஒரு ராணி, இரண்டு ஊர், இரண்டு பொய்க் கதை!

கத்திக்காரர்களின் யானை

அப்படியென்றால், உண்மையில் யானை எங்கிருந்து வந்தது?

வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிற பதில் ரொம்பச் சாதாரணமானது. ஒரு கடைப் பலகையிலிருந்து வந்தது.

இன்றைக்கு நடு லண்டனாகத் தெரியும் இந்த இடம், அன்றைக்கு லண்டனே இல்லை. தேம்ஸ் நதிக்குத் தெற்கே, சர்ரே மாவட்டத்தில், நியூவிங்டன் என்ற கிராமம். ஊருக்குள் இருந்த ஒரு சாலைச் சந்திப்பில் ஒரு கொல்லன் பட்டறை இருந்தது. அங்கே கத்தி செய்கிற வேலையும் நடந்தது. பிறகு அதே இடத்தில்தான் விடுதி வந்தது.

லண்டனில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் உண்டு. கத்தி, வாள் செய்பவர்களின் சங்கம் 1416-ம் ஆண்டு ஐந்தாம் ஹென்றி மன்னரிடம் அரச சாசனம் பெற்றது. அந்தச் சங்கத்தின் சின்னத்தில் குறுக்கும் நெடுக்குமான வாள்கள் இருக்கும். அவற்றுக்கு மேலே, முகடாக, ஒரு யானை நிற்கும். யானையின் முதுகில் கோட்டை!

கத்திக்காரர்களுக்கு யானையோடு என்ன உறவு? கத்தியின் பிடியைப் பார்த்தால் விடை தெரியும். அலகு அடிப்பவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர், உறை தைப்பவர் ஒருவர் எனப் பலர் கை சேர்ந்து உருவாகும் பொருள் அன்றைய கத்தி. அதில் பணக்கார வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் போகும் கத்திகளுக்கு, யானைத் தந்தத்தில்தான் பிடி. வழவழவென்று, வெள்ளை வெளேரென்று, கைக்குள் அடங்கி நிற்கும். தந்தம் அந்தத் தொழிலின் கௌரவம். அதனால்தான் சின்னத்தில் யானை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டியிருக்கிறது. குழந்தைகள் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொள்ளும் அந்த அழகான யானைச் சிலைக்குப் பின்னால், எங்கோ ஒரு காட்டில் தந்தத்துக்காகச் சாய்க்கப்பட்ட யானைகள் இருக்கின்றன. பிரிட்டன் தந்த வியாபாரத்துக்கு ஏறக்குறைய முழுத் தடை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது 2018-ல். அது நடைமுறைக்கு வந்தது 2022 ஜூனில். சின்னத்தில் யானை ஏறிப் பல நூறு வருடங்கள் கழித்துத்தான் யானைக்கு நியாயம் கிடைத்தது.

அம்பாரிதான் கோட்டை

சரி, யானை தந்தத்துக்காக வந்தது. அதன் முதுகில் கோட்டை எதற்கு?

இதற்கான விடையின் ஒரு நுனி, தமிழ்நாட்டு வீடுகளின் சதுரங்கப் பலகையிலேயே இருக்கிறது. பலகையின் நான்கு மூலைகளிலும் நிற்கிற காய்க்கு நம் வீடுகளில் என்ன பெயர்? யானை. தாத்தா ஆடினாலும் பேரன் ஆடினாலும் 'யானையை நேராத்தான் நகர்த்தணும்' என்பதுதான் முதல் பாடம். ஆனால், காயின் உருவத்தைப் பார்த்தால் தும்பிக்கையும் இருக்காது, காதும் இருக்காது. கோட்டைக் கொத்தளம்போல இருக்கும். இங்கிலாந்துப் பிள்ளைகள் அதே காயைப் பேச்சுவழக்கில் 'காஸில்' என்கிறார்கள். ஒரே காய். அங்கே கோட்டை, இங்கே யானை! 1527-ல் அச்சான, சதுரங்கத்தைப் பற்றிய ஒரு லத்தீன் கவிதையில், இத்தாலியக் கவிஞர் விடா அந்த மூலைக் காய்களை யானை முதுகில் ஏறிய கோபுரங்களாகவே வர்ணித்தார். ஐரோப்பிய மனசில் யானையும் கோட்டையும் அவ்வளவு ஒட்டிக்கிடந்தன.

ஒட்டவைத்தது போர்.

கி.மு. 326. ஜீலம் நதிக்கரையில் போரஸ் மன்னனின் யானைப்படையை எதிர்கொண்டான் அலெக்சாண்டர். வென்றான். ஆனால், அந்த விலங்குகள் அவனுடைய வீரர்களின் கனவில்கூட வந்து மிரட்டியிருக்கும். அலெக்சாண்டருக்குப் பின் அவனது தளபதிகள் யானைக்காக அலைந்தார்கள். அவர்களில் ஒருவரான செலூக்கஸ், சந்திரகுப்த மௌரியருடன் சமாதானம் பேசியபோது, நிலப்பகுதிகளைக் கொடுத்துவிட்டு 500 யானைகளை வாங்கிக்கொண்டார் என்கின்றன கிரேக்கக் குறிப்புகள். கி.மு. 280-ல் பைரஸ் மன்னன் யானைகளைக் கப்பலேற்றி இத்தாலிக்கே கொண்டுபோனான். ரோமானியர்கள் முதன்முதலாக யானையைப் போர்க்களத்தில் பார்த்தது அப்போதுதான். அந்தக் காலத்தில்தான் யானையின் முதுகில் மரத்தாலான சிறு கோபுரம் கட்டி, அதற்குள் வில்லாளிகளை நிறுத்தும் வழக்கம் அங்கே பரவியது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள மக்கபேயர் நூலிலும் மரக்கோபுரம் சுமந்த போர் யானைகள் வருகின்றன.

பிறகு பல நூறு வருடம் ஐரோப்பா யானையைப் பார்க்கவில்லை. புத்தகத்தில் மட்டும் படித்தது. மடாலயங்களில் உட்கார்ந்து விலங்குகளைப் பற்றிய சித்திரப் புத்தகங்கள் எழுதிய துறவிகள், 'யானை தன் முதுகில் கோபுரம் சுமக்கும்' என்று படித்ததை அப்படியே வரைந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த கோபுரம் கல்லால் ஆனது. கொத்தளமும் சாளரமும் வைத்த கல்கோட்டை. யானையையோ கண்டதே இல்லை. அதனால் சில படங்களில் யானைக்குப் பன்றி உடம்பும் ஊதுகுழல் மாதிரி தும்பிக்கையும் இருக்கும். அதன்மேல் ஒரு முழுக் கோட்டை, கோட்டைக்குள் நாலைந்து சிப்பாய்கள்!

மைசூர் தசரா ஊர்வலம் பார்த்த ஒரு குழந்தையிடம் இந்தப் படத்தைக் காட்டினால் ஒரே நொடியில் சொல்லிவிடும். 'இது அம்பாரி!'

நிஜ யானை இங்கிலாந்துக்கு ஒருமுறை வரவும் செய்தது. 1255-ல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி, இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றிக்கு ஒரு யானையைப் பரிசாக அனுப்பினார். லண்டன் டவரில் 40 அடி நீளம், 20 அடி அகலத்தில் அதற்கென்றே வீடு கட்டினார்கள். மேத்யூ பாரிஸ் என்ற துறவி நேரில் பார்த்து வரைந்த படம் இன்றும் இருக்கிறது. யானை எவ்வளவு பெரியது என்பது புரியட்டும் என்று பாகனையும் பக்கத்திலேயே நிறுத்தி வரைந்திருக்கிறார். குளிர் தேசத்தில் அந்த யானை இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கவில்லை. 1257-ல் இறந்துபோனது.

யானை போனாலும் யானைக்கோட்டை போகவில்லை. வலிமையின் அடையாளமாகக் கொடிகளிலும் கேடயங்களிலும் ஏறி உட்கார்ந்தது. கோவென்ட்ரி நகரத்தின் சின்னத்தில் இன்றைக்கும் கோட்டை சுமந்த யானைதான் நிற்கிறது. அப்படியே கத்திக்காரர்களின் சின்னத்துக்கும் வந்து சேர்ந்தது.

ஆக, இந்தியப் போர்க்களத்தில் புறப்பட்ட யானை, கிரேக்கம், ரோம், மடாலயம், கத்திச் சங்கம் எல்லாம் சுற்றி, தென்லண்டனில் ஒரு கடை வாசலுக்கு வந்து நின்றுவிட்டது.

விடுதி ஊரானது

எழுத்துப் படித்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில், கடைக்குப் பெயரைவிடப் படம்தான் முக்கியம். இங்கிலாந்தில் சாராய விடுதிகள் கட்டாயம் அடையாளப் பலகை வைக்கவேண்டும் என்று 1393-லேயே சட்டம் இருந்தது. சிவப்புச் சிங்கம், வெள்ளைக் குதிரை, மணி, கிரீடம் என்று படத்தைச் சொன்னால் போதும். 'யானைக்கோட்டை கிட்ட வந்துடு' என்றால் படிக்கத் தெரியாதவரும் வந்துவிடுவார்.

நியூவிங்டனில் இருந்த விடுதிக்கு அதிர்ஷ்டம் சாலை வடிவில் வந்தது. தெற்கே கென்ட், சர்ரே பக்கத்திலிருந்து லண்டனுக்கு வரும் சாலைகள் இங்கேதான் கூடின. 1750-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறந்தது. 1769-ல் பிளாக்ஃபிரையர்ஸ் பாலம் திறந்தது. நதியைக் கடக்க லண்டன் பிரிட்ஜ் ஒன்றே கதி என்றிருந்த நிலை மாறி, மூன்று பாலங்களுக்கும் போகும் வழிகள் சந்திக்கிற முக்கு ஆனது அந்த இடம். குதிரை வண்டிகள் வந்து நின்றன. குதிரை மாற்றினார்கள், மனிதர்கள் தாகம் தீர்த்தார்கள்.

1765 மார்ச் 21 அன்று, வால்வொர்த் பண்ணையத்தின் உள்ளூர் நீதிமன்றக் கூட்டம் 'நியூவிங்டனில் உள்ள எலிஃபன்ட் அண்ட் காஸிலில்' நடந்ததாக அதன் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த இடத்தோடு சேர்த்து அந்தப் பெயர் கிடைக்கிற மிகப் பழைய பதிவு அதுதான். ஒரு விடுதியின் பெயர் மெள்ள மெள்ளச் சந்திப்பின் பெயரானது. சந்திப்பின் பெயர் பேட்டையின் பெயரானது. நியூவிங்டன் என்ற பழைய பெயர் பின்னுக்குப் போய்விட்டது.

அந்தப் பகுதியில்தான் 1791-ல் ஓர் ஏழைக் கொல்லருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தை உற்பத்தி செய்யும் வழியை உலகத்துக்குக் காட்டிய அதே ஃபாரடே! அவர் பிறந்து 99 வருடம் கழித்து, 1890-ல், அவர் பிறந்த பேட்டைக்கு அடியில் மின்சார ரயில் ஓடியது. ஆழமான சுரங்கத்தில் மின்சாரத்தால் ஓடிய உலகின் முதல் பெரிய பாதாள ரயில் பாதையில் 'எலிஃபன்ட் அண்ட் காஸில்' ஒரு ஸ்டேஷன். இன்று அந்தச் சந்திப்பில் பளபளக்கும் பெரிய எஃகுப் பெட்டி ஒன்று நிற்கிறது. பலர் அதை ஏதோ நவீனச் சிற்பம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். 1961-ல் எழுந்த ஃபாரடே நினைவகம் அது. உள்ளே இருப்பது பாதாள ரயிலுக்கு மின்சாரம் தரும் துணைமின் நிலையம். கொல்லர் மகனுக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் அமையாது.

தியேட்டர்கள், கடைகள், டிராம்கள் என்று பேட்டை செழித்தது. 'தென்லண்டனின் பிக்காடில்லி' என்று பட்டப்பெயரே வந்தது. பின்னாளில் உலகமே கொண்டாடிய நடிகர் மைக்கேல் கேன் இங்கே வளர்ந்த பையன்தான்.

நெருப்பு, பிறகு மால்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் லண்டன் மேல் குண்டு போட்டபோது, மக்கள் ராத்திரிகளில் பாதாள ரயில் நிலையங்களில் போய்ப் படுத்தார்கள். 1940-ல் புகைப்படக் கலைஞர் பில் பிராண்ட் எடுத்த படங்களில் எலிஃபன்ட் ஸ்டேஷன் இருக்கிறது. பிளாட்பாரம் முழுக்க, கால் வைக்க இடமில்லாமல், போர்வை போர்த்திய மனிதர்கள்.

1941 மே 10 இரவு வந்த தாக்குதலில் பேட்டை பற்றி எரிந்தது. தேம்ஸில் நீர் இறங்கியிருந்த நேரம். தீயணைப்பவர்களுக்குத் தண்ணீர் போதவில்லை. விடிந்தபோது பிக்காடில்லி சாம்பலாகியிருந்தது.

போருக்குப் பின் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. பழைய விடுதிக் கட்டடம் இடிந்தது. அதன் உச்சியில் நின்றிருந்த யானைச் சிலையை மட்டும் காப்பாற்றி, 1965-ல் திறந்த ஷாப்பிங் சென்டரின் முகப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். ஐரோப்பாவின் ஆரம்பகால மால்களில் ஒன்று அது. பக்கத்திலேயே ஹேகேட் எஸ்டேட் என்ற பிரமாண்ட அரசுக் குடியிருப்பு எழுந்தது. 1974-ல் முடிந்த அதில் 1,200-க்கும் அதிகமான வீடுகள்.

அந்த மாலை லண்டன்வாசிகள் கேலி செய்தார்கள். அசிங்கம் என்றார்கள். ஒரு காலத்தில் கட்டடத்துக்குப் பூசிய இளஞ்சிவப்பு பெயின்ட் அந்தக் கேலியை அதிகமாக்கியது. வசதியான கடைகள் வரத் தயங்கின. வாடகை குறைவாகவே இருந்தது.

வாடகை குறைந்த இடத்துக்கு யார் வருவார்கள்? புதிதாக நாடு வந்தவர்கள் வருவார்கள்.

1990-களிலிருந்து கொலம்பியா, ஈக்வடார் என லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கே சின்னச் சின்னக் கடை போட்டார்கள். சோளமாவில் செய்த தின்பண்டங்கள், காபி, முடி திருத்தகம், ஊருக்குப் பணம் அனுப்பும் கவுன்ட்டர், தையல் கடை. ரயில் பாலத்தின் வளைவுகளுக்கு அடியிலும் கடைகள் பரவின. இரவு முழுக்க லண்டன் அலுவலகங்களைத் துடைத்துப் பெருக்கிவிட்டு வருகிறவர்கள், விடியற்காலையில் சொந்த மொழியில் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிற இடமாக அது ஆனது. மாடியில் இருந்த பிங்கோ கூடத்தில் வயதானவர்கள் மதியம் முழுவதும் உட்கார்ந்திருப்பார்கள். குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் செலவும் மிச்சம், தனிமையும் தீரும்.

கவனித்தீர்களா? ஸ்பெயின் இளவரசி இந்தப் பேட்டைக்கு வந்தார் என்பது பொய்க் கதை. ஆனால், ஸ்பானிய மொழி கடைசியில் உண்மையாகவே வந்துவிட்டது. பல்லக்கில் வரவில்லை, பக்கெட்டும் துடைப்பமும் தூக்கிக்கொண்டு வந்தது.

யார் தங்கலாம்?

இப்போது அவர்களும் நகரவேண்டிய நேரம். நடு லண்டனுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நிலத்தின் மதிப்பு எகிறிவிட்டது. ஹேகேட் எஸ்டேட் 2011-லிருந்து 2014-க்குள் இடிக்கப்பட்டது. குடியிருந்தவர்கள் பல திசைகளில் சிதறினார்கள். அங்கே எழுந்த புதிய அடுக்குமாடிகளின் மொத்த வீடுகளில், பழையபடி குறைந்த அரசு வாடகைக்குக் கிடைப்பவை மிகச் சில.

அடுத்தது மால். 2018-ல் மறுகட்டுமானத் திட்டத்துக்கு உள்ளூர் கவுன்சில் அனுமதி கொடுத்தது. கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் மாணவர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது, ஜெயிக்கவில்லை. 2020 செப்டம்பர் 24 அன்று, கொரோனா காலத்தில், ஷாப்பிங் சென்டர் கதவைச் சாத்திக்கொண்டது. அடுத்த வருடம் இடித்தார்கள்.

சில கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே காஸில் ஸ்கொயர் என்ற தற்காலிக வளாகத்தில் இடம் கிடைத்தது. சிலர் வேறு ஏரியாவுக்குப் போனார்கள். சிலர் தொழிலையே விட்டார்கள். 20 வருடமாக ஒரே மேஜையில் காபி குடித்தவர்களுக்கு, மறுநாள் காலை எங்கே சந்திப்பது என்று தெரியாமல் போனது.

யானைக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. அது பத்திரமாக இறக்கப்பட்டு, காஸில் ஸ்கொயருக்குக் குடிபெயர்ந்தது. புதிதாக வரும் கட்டடங்களுக்கும் பூங்காவுக்கும் யானைப் பெயரைத்தான் வைக்கிறார்கள். விளம்பரப் பலகைகளில் யானை சிரிக்கிறது. வித்தியாசமான பெயர், சுவாரஸ்யமான வரலாறு என்றால் வீடு வேகமாக விற்கும் அல்லவா?

கொல்லன் போனான், பெயர் இருந்தது. விடுதி போனது, பெயர் இருந்தது. மால் போனது, பெயர் இருக்கிறது. ஒரு பெயரைக் காப்பாற்றுவது சுலபம். செலவில்லாத வேலை. அந்தப் பெயருக்குள் வாழ்ந்தவர்களைக் காப்பாற்றுவதற்குத்தான் மனசும் பணமும் வேண்டியிருக்கிறது.

நாளை இந்தப் பேட்டையில் வளரப்போகும் ஒரு குழந்தை, 'ஏம்மா நம்ம ஊருக்கு இந்தப் பேரு?' என்று கேட்கும். அம்மா இளவரசி கதையைச் சொன்னாலும் சொல்லலாம். அது அழகான கதைதான். ஆனால், கூடவே உண்மைக் கதையையும் சொல்லலாம். கத்திக்குப் பிடி போட்ட கைகள், குதிரைக்குத் தண்ணீர் காட்டிய கைகள், பிளாட்பாரத்தில் பிள்ளைக்குப் போர்வை போர்த்திவிட்ட கைகள், விடியற்காலையில் காபி ஊற்றிய கைகள்... இந்த ஊரைச் சுமந்தது அவர்கள்தான் என்று சொல்லலாம்.

டூட்டிங் போகிற ரயில் அங்கே நிற்பது ஒரு நிமிடம்கூட இல்லை. கதவு திறக்கும், கொஞ்சம் பேர் இறங்குவார்கள், கொஞ்சம் பேர் ஏறுவார்கள், கதவு மூடும். அடுத்த முறை அந்தப் பெண் குரல் 'எலிஃபன்ட் அண்ட் காஸில்' என்று சொல்லும்போது, தோசையைக் கொஞ்சம் மறந்துவிட்டு மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நம்மூரிலிருந்து ரொம்ப தூரம் நடந்து வந்த ஒரு யானை அங்கே அம்பாரியோடு நின்றுகொண்டிருக்கிறது.